‘அரண்மனை 4’ திரைப்படம் குறித்த பார்வையாளர் கருத்துகள்: மெய்ப்பாட்டியல் நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

சுந்தர் சி. இயக்கத்தில் 2014 முதல் வெளிவரும் ‘அரண்மனை’ திரைப்பட வரிசையின் நான்காம் பாகம் 2024ஆம் ஆண்டு மே 3ஆம் நாள் வெளியானது. இப்படத்தைக் குறித்துப் பார்வையாளரும் விமரிசகரும் பரவலாகக் கூறிய கருத்துகளைத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலின் துணையோடு வகைப்படுத்தி ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். பேய்ப்படத்தை மதிப்பிடும் தமிழ்ப் பார்வையாளர் அச்சத்தை மட்டும் அளவுகோலாகக் கொள்வதில்லை. நகை, அழுகை, வெகுளி ஆகியவற்றின் கலப்பையே அளவுகோலாகக் கொள்கின்றனர் என்பது முதலில் நிறுவப்படுகிறது. ‘புதுமை’ என்று பாராட்டப்பட்ட கூறு, முந்தைய பாகங்களில் பேய் எழுப்பிய நீதிக் கேள்வியை எவ்வாறு இடம்பெயரச் செய்துள்ளது என்பதும், கருத்துகள் அதனைப் பேசாது விட்டதன் பொருளும் அடுத்து ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: அரண்மனை, பேய்ப்படம், மெய்ப்பாடு, அச்சம், நகை, ஏற்புக் கோட்பாடு, நீலி, பாக்.

முன்னுரை

தமிழ்த் திரையில் பேய் குடியிருக்கும் வீடு புதியதன்று. ஸ்ரீதர் இயக்கிய ‘நெஞ்சம் மறப்பதில்லை’ (1963) பாழடைந்த ஜமீன் மாளிகையொன்றில் முற்பிறவி நினைவைத் தேடியது. மலையாளத்தில் ஃபாசில் இயக்கிய ‘மணிச்சித்திரத்தாழ்’ (1993) படத்தின் கதையைத் தழுவிய பி. வாசுவின் ‘சந்திரமுகி’ (2005), வேட்டையபுரம் அரண்மனையைத் தமிழ்ப் பார்வையாளரின் நினைவில் நிலைநிறுத்தியது. ராகவா லாரன்ஸின் ‘முனி’ (2007), ‘காஞ்சனா’ (2011) ஆகியவை பேயையும் நகைச்சுவையையும் ஒரே கூரையின்கீழ் வெற்றிகரமாகக் குடியமர்த்தின. இந்தப் பின்புலத்தில்தான் 2014ஆம் ஆண்டு செப்டம்பரில் ‘அரண்மனை’ வெளிவந்தது. 2016, 2021, 2024 ஆகிய ஆண்டுகளில் அதன் அடுத்த பாகங்கள் தொடர்ந்தன.

ஒரே பெயரில் நான்கு படங்கள் பத்தாண்டுக் காலம் திரையரங்கிற்குக் கூட்டத்தை ஈர்த்துள்ளன என்பது ஆய்வுக்குரிய செய்தியாகும். எனினும் இவ்வகைப் படங்கள் ‘வணிகப் படங்கள்’ என்ற ஒரே சொல்லால் ஒதுக்கப்படுகின்றன. அவற்றைப் பார்த்தோர் சொல்லும் கருத்துகளோ அதனினும் எளிதாகப் புறக்கணிக்கப்படுகின்றன. ‘பயமாக இல்லை’, ‘சிரிப்பு குறைவு’, ‘குடும்பத்தோடு பார்க்கலாம்’, ‘பழைய கதைதான்’ என்னும் தொடர்கள் மேலோட்டமானவையாகத் தோன்றினும், அவற்றுள் ஒரு சமூகம் கதையிடம் எதனை எதிர்பார்க்கிறது, எதனை எதிர்பார்க்காமல் விட்டுவிட்டது என்னும் இரண்டும் பதிவாகியுள்ளன.

ஆய்வு எல்லையும் அணுகுமுறையும்

இஃது எண்ணிக்கை அடிப்படையிலான கள ஆய்வன்று. கருத்துகளின் வகைகளையும் அவற்றின் உள்ளீட்டையும் நோக்கும் விளக்கமுறை ஆய்வாகும். நான்காம் பாகம் வெளியான காலத்தில் இதழ், தொலைக்காட்சி விமரிசனங்களிலும் திரையரங்கிலிருந்து வெளிவந்தோர் பேச்சிலும் திரும்பத் திரும்ப ஒலித்த கருத்துகள் மட்டுமே எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளன. தனிநபர் எவரது கூற்றும் சுட்டப்படவில்லை.

ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் ராபர்ட் யாவுஸ் 1967இல் முன்வைத்த ஏற்புக் கோட்பாடு, படைப்பை அணுகுவோர் தம் முன்னனுபவத்தால் அமைந்த ‘எதிர்பார்ப்பு அடிவானம்’ ஒன்றோடு அணுகுகின்றனர் என்கிறது. தொடர்ப்படத்தைப் பொறுத்தவரை இக்கருத்து கூடுதல் பொருத்தமுடையது; ஏனெனில் அங்கு எதிர்பார்ப்பை உருவாக்குவதே முந்தைய பாகந்தான். ஆனால் அவ்வெதிர்பார்ப்பு எத்தகைய உணர்வுகளால் ஆனது என்பதைச் சொல்லத் தமிழிலேயே தகுந்த கருவி உண்டு. தொல்காப்பியர் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்து, ஒவ்வொன்றும் தோன்றும் நிலைக்களன்களை நான்கு நான்காகக் கூறுகிறார். உரையாசிரியர்கள் அவற்றை ஆடல் காண்போரிடத்துத் தோன்றும் சுவையோடு இணைத்து விளக்குகின்றனர். ஆகவே செய்யுளுக்குரிய இலக்கணமாயினும், காண்போர் உள்ளத்தை ஆராயவும் மெய்ப்பாட்டியல் இடந்தருகிறது.

அரண்மனை வரிசையில் தொடர்ச்சியின் இயல்பு

தொடர்ப்படம் என்றால் முந்தைய கதை தொடர வேண்டும் என்பது பொது வழக்கு. ‘அரண்மனை’ வரிசையில் அவ்வாறு கதை தொடர்வதில்லை. ஒரு பாகத்தின் குடும்பம் அடுத்த பாகத்தில் இல்லை. ஓர் ஊர் மற்றோர் ஊருக்குத் தொடர்புடையதன்று. முதற்பாகத்தில் வினய், ஆண்ட்ரியா, ஹன்சிகா. இரண்டாம் பாகத்தில் சித்தார்த், திரிஷா, ஹன்சிகா. மூன்றாம் பாகத்தில் ஆர்யா, ராஷி கன்னா, ஆண்ட்ரியா. நான்காம் பாகத்தில் தமன்னா, ராஷி கன்னா என நடிகர் அணியும் மாறிவருகிறது. ஹன்சிகா முதலிரு பாகங்களிலும் நடித்திருப்பினும் இரண்டும் வெவ்வேறு பாத்திரங்கள்.

மாறாதவை வேறு. பழைய பெருவீடு, அங்கு நிகழும் புதிரான மரணங்கள், முடிச்சை அவிழ்க்க வரும் பாத்திரத்தில் இயக்குநர் சுந்தர் சி.; அச்சத்தில் ஓடி ஒளியும் நகைச்சுவைக் குழு; பேயாகியவளின் கடந்தகாலத்தைக் கூறும் பின்னோக்குப் பகுதி; தெய்வத்தின் முன்னிலையில் நிகழும் உச்சக்காட்சி என்பன அவை. தெருக்கூத்தில் கதை அறிந்தவர்களே மீண்டும் காண வருகின்றனர்; கட்டியங்காரன் வருவான் என்பதும் சிரிக்க வைப்பான் என்பதும் அவர்களுக்குத் தெரியும். அரண்மனை வரிசையின் தொடர்ச்சி இத்தகைய சடங்குத் தொடர்ச்சியாகும். எனவே நான்காம் பாகத்தைப் பற்றிய கருத்துகள் ‘கதை என்ன ஆயிற்று’ என்று கேட்பதில்லை. ‘வழக்கமானவை இம்முறை எவ்வாறு அமைந்தன’ என்றே கேட்கின்றன.

கருத்துகளின் வகைகள்

பரவலாக ஒலித்த கருத்துகளை நான்கு வகையாகப் பகுக்கலாம்.

அ. அச்சம் பற்றியவை

‘பேய்ப்படம் என்கிறார்கள், ஆனால் பயமில்லை’ என்னும் குறை ஒவ்வொரு பாகத்தைப் பற்றியும் சொல்லப்பட்டதே. நான்காம் பாகத்தில் சில காட்சிகள் உண்மையிலேயே அச்சமூட்டின என்று கூறியவர்களும் உண்டு. வேண்டியவர் உருவில் தீய ஆவி வந்து நிற்கும் காட்சிகளை அவர்கள் எடுத்துக்காட்டினர். தொல்காப்பியர் அச்சத்திற்குக் கூறும் களன்கள் அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்பன. இவற்றுள் பேய் முதலியன அணங்கினுள் அடங்கும் என்பது உரையாசிரியர் கருத்து. அறிமுகமற்ற உருவில் வரும் அணங்கினும் அறிந்த உருவில் வரும் அணங்கு அச்சத்தை மிகுவிக்கிறது. வீட்டிற்குள் நம்பி விடத்தக்கவர் யார் என்னும் ஐயமே அங்கு அச்சத்தின் வேராகிறது.

ஆ. நகை பற்றியவை

‘முதற்பாகத்தின் சிரிப்பு இதில் இல்லை’ என்பது மிகுதியாகக் கேட்ட ஒப்பீடு. முதற்பாகத்தில் சந்தானமும் கோவை சரளாவும் இணைந்த பகுதிகள் தொலைக்காட்சியில் மீண்டும் மீண்டும் ஒளிபரப்பாகித் தனி வாழ்வு பெற்றவை. இரண்டாம் பாகத்தில் சூரி, மூன்றாம் பாகத்தில் விவேக், யோகிபாபு ஆகியோர் அப்பொறுப்பை ஏற்றனர். மூன்றாம் பாகம் 2021 அக்டோபரில் வெளிவந்தபோது விவேக் உயிருடன் இல்லை. நான்காம் பாகத்தில் யோகிபாபு, விடிவி கணேஷ், கோவை சரளா ஆகியோர் இடம்பெற்றனர்.

பேய்ப்படத்தில் சிரிப்பைத் தேடுவது முரணாகத் தோன்றலாம். மெய்ப்பாட்டியல் உரைமரபு இதற்கு விளக்கம் தருகிறது. அஞ்சியவன் ஒருவனைக் காண்பவனுக்கும் அச்சமே தோன்ற வேண்டும் என்பதில்லை. அவனைக் கண்டு நகைத்தலும் அவன்பால் இரக்கம் கொள்ளுதலும் நிகழக்கூடும். அரண்மனை வரிசையின் கட்டமைப்பு முழுவதும் இவ்வொரு நுட்பத்தின்மீது நிற்கிறது. திரையில் அஞ்சுபவர்கள் இரு அணியினர். நகைச்சுவைக் குழுவினர் அஞ்சும்போது பார்வையாளர் நகைக்கின்றனர். குழந்தையும் பெண்ணும் அஞ்சும்போது இரங்குகின்றனர். ஆகவே ‘பயமில்லை’ என்று கூறியவர் தாம் அஞ்சவில்லை என்பதை மட்டுமே கூறினார். அஞ்சியோரைக் கண்டு அவர் கொண்ட நகையும் இரக்கமும் அக்கூற்றில் இடம்பெறவில்லை.

இ. அழுகை பற்றியவை

நான்காம் பாகத்தைப் பாராட்டியோர் பெரும்பாலும் சுட்டியது தமன்னா ஏற்ற செல்வி என்னும் தாய்ப் பாத்திரத்தையே. இறந்த பின்னும் தன் குழந்தையைக் காக்கப் போராடும் தாய் என்னும் கருவே படத்தைத் தாங்குகிறது என்ற கருத்து, படத்தில் குறை கண்டோரிடத்தும் காணப்பட்டது. அழுகையின் களன்களாகத் தொல்காப்பியர் கூறும் இளிவு, இழவு, அசைவு, வறுமை ஆகிய நான்கனுள் இழவே இங்கு அடிப்படை. தாயை இழந்த குழந்தையின் இழவும், குழந்தையைத் தொட இயலாத தாயின் இழவும் எதிரெதிரே வைக்கப்படுகின்றன. ‘குடும்பத்தோடு பார்க்கலாம்’ என்னும் பரிந்துரை ஆபாசமின்மையை மட்டும் குறிப்பதன்று. குடும்ப உறவின் இழவைப் படம் மையமாக்கியிருப்பதையும் குறிக்கிறது.

ஈ. ‘அதே கதை’ என்பவை

‘வார்ப்பு மாறவில்லை’ என்பது குறையாகவும், ‘எதிர்பார்த்தது கிடைத்தது’ என்பது நிறையாகவும் கூறப்பட்டது. இரண்டும் ஒரே உண்மையின் இரு பக்கங்கள். குஷ்புவும் சிம்ரனும் தோன்றும் உச்சக்காட்சிப் பாடலைச் சிலர் பழைய உத்தி என்றனர். சிலர் அதற்காகவே திரையரங்கில் ஆரவாரம் செய்தனர். சடங்கில் புதுமையைத் தேடுபவரும் சடங்கைச் சடங்காகவே நாடுபவரும் ஒரே அரங்கில் அமர்ந்திருந்தனர் எனலாம். இவ்விரு சாராரும் உடன்பட்ட ஒரே புதுமை, ‘பாக்’ என்னும் தீய ஆவி. அதன் தெலுங்கு வடிவத்திற்கு அப்பெயரே தலைப்பாயிற்று.

பேயும் வழக்கும்

பார்வையாளர் புதுமை என்று கண்ட இக்கூற்றின் பொருளை உணர, தமிழ் மரபில் பேய் ஏன் வருகிறது என்பதை நோக்க வேண்டும். பழையனூர் நீலி கதையில் கணவனால் கொல்லப்பட்டவள் பேயாகி வந்து, அடுத்த பிறவியில் அவனைத் தொடர்கிறாள். அவள் நேரே அவன்மீது பாயவில்லை. ஊர் அவையின் முன் வழக்குரைக்கிறாள். எழுபது வேளாளர் அவ்வழக்கைக் கேட்கின்றனர். அவனுக்குத் தம் உயிரைப் பிணையாக்குகின்றனர். அவன் மாண்டபின் தீப்பாய்கின்றனர். அவள் கூறியதில் வஞ்சம் இருந்தது. ஆனால் அவ்வஞ்சத்தின் அடியில் விசாரிக்கப்படாத கொலையொன்று இருந்தது. கொலையுண்ட பெண்களைத் தெய்வமாக்கி வழிபடும் நாட்டார் மரபிலும் இதுவே அடிப்படை. அங்குப் படையலும் பலியும் ஊர் ஏற்றுக்கொண்ட குற்றப் பொறுப்பின் வடிவங்களாகும்.

திரைப்படப் பேய்களும் இம்மரபிலேயே வந்துள்ளன. ‘நெஞ்சம் மறப்பதில்லை’ படத்தில் மகனின் காதலைப் பொறாத ஜமீன்தாரின் வன்முறையே மாளிகையின் இரகசியம். ‘அரண்மனை’ முதற்பாகத்தில் கொல்லப்பட்ட செல்வி, தான் நேசித்தவனின் மனைவி உடலில் புகுந்து தன்னைக் கொன்றவர்களைப் பழிதீர்க்கிறாள். தங்கையின் உடலில் புகுந்த ஆவியை அண்ணன் கண்டறிவது என்னும் அமைப்பு 1978இல் வெளிவந்த ‘ஆயிரம் ஜென்மங்கள்’ படத்திலும் காணப்படுவதே.

இரண்டாம் பாகம் இம்மரபை அதன் கூர்மையான முனைக்குக் கொண்டுசென்றது. அங்கு ஹன்சிகா ஏற்ற பாத்திரம் அரண்மனையின் மகள். குடும்பம் ஏற்காத காதலுக்காகத் தந்தையும் உடன்பிறந்தவனுமே அவளைக் கொல்கின்றனர். ‘கௌரவக் கொலை’ என்று செய்தித்தாள்கள் பெயரிட்டு எழுதிய கொடுமையை, வெகுமக்கள் நகைச்சுவைப் படமொன்று பேயின் வாயால் கூறியது. வெகுளியின் களன்களுள் ஒன்றாகத் தொல்காப்பியர் கொலையைக் கூறுகிறார். இரண்டாம் பாகத்தில் பார்வையாளரின் வெகுளி வெளியாரை நோக்கித் திரும்ப வழியில்லை. அது குடும்பத் தலைவனை நோக்கியே திரும்பியாக வேண்டும். பெருவீடு அங்குக் குற்றம் நிகழ்ந்த இடமாக மட்டும் நிற்கவில்லை. குற்றத்தைச் செய்த அமைப்பின் உருவமாகவே நிற்கிறது.

பாக்: புறத்திருந்து வந்த தீமை

நான்காம் பாகத்தில் இவ்வமைப்பு மாறுகிறது. பாக் என்பது அசாமிய நாட்டார் வழக்காற்றிலுள்ள தீய ஆவி. நீர்நிலைகளை ஒட்டி வாழ்வது. கொன்றவரின் உருவைத் தானே மேற்கொள்வது எனக் கூறப்படுகிறது. படம் தொடங்குவதே அசாமில்தான். அத்தீமை தமிழ்நாட்டுச் சிற்றூர் ஒன்றின் அரண்மனைக்கு வந்து சேர்ந்து குடும்பத்தை அழிக்கிறது. இறந்த செல்வி பேயாக வருவது பழிதீர்க்க அன்று; மகளைக் காக்கவே.

இதனால் முந்தைய பாகங்களில் ஒருத்தியிடமே இணைந்திருந்த இரு தன்மைகள் இரண்டாகப் பிரிகின்றன. கொல்லும் ஆற்றல் அனைத்தும் பாக்கிடம் சென்றது. அன்பு அனைத்தும் தாயிடம் நின்றது. முந்தைய பேயிடம் பார்வையாளர் அஞ்சவும் இரங்கவும் ஒருசேர நேர்ந்தது; அவள் கொல்வது தவறு, ஆயினும் அவள் கேட்பது நியாயம் என்னும் இடர்ப்பாடு அவர்களுக்கு இருந்தது. நான்காம் பாகத்தில் அவ்விடர்ப்பாடு நீங்குகிறது. அஞ்சத்தக்கது அஞ்சத்தக்கதாகவும், இரங்கத்தக்கது இரங்கத்தக்கதாகவும் தெளிவாக வேறுபட்டு நிற்கின்றன. படம் ‘உணர்வுபூர்வமாக’ அமைந்தது என்னும் பாராட்டு இத்தெளிவிலிருந்தே பிறந்தது.

இத்தெளிவிற்குக் கொடுக்கப்பட்ட விலை ஒன்றுண்டு. செல்வி தன் விருப்பப்படி மணந்து பிறந்தகத்தைப் பிரிந்து வாழ்ந்தவள். அப்பிரிவே அவளைத் துணையற்றவளாக்கியது. இரண்டாம் பாகத்தில் இத்தகைய திருமணத்திற்காகப் பெண் கொல்லப்பட்டாள். நான்காம் பாகத்தில் அது பின்புலச் செய்தியாகச் சுருங்கி, அண்ணனின் வருத்தத்தில் முடிகிறது. அண்ணன் வழக்கறிஞன், தங்கையின் மரணத்தில் ஐயம் கொண்டு விசாரிக்க வருகிறான். ஆயினும் அவனது விசாரணை சென்று சேருமிடம் மனிதர் எவரையும் கூண்டில் ஏற்றத் தேவையில்லாத இடமாகும். குற்றவாளி மனிதனல்லன், இவ்வூரினனும் அல்லன். அரண்மனை இம்முறை குற்றமற்றதாகிறது.

தீமையைத் தொலைநிலத்திற்கு உரியதாக்குவதில் மற்றொரு சிக்கலும் உள்ளது. அசாமிய மக்களுக்குப் பாக் என்பது தம் குளத்தங்கரைக் கதைகளோடு இணைந்த ஆவி. தமிழ்ப் படத்தில் அச்சூழலிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்டு, அறியா நிலத்திலிருந்து வரும் ஆபத்தாக மட்டும் அது சுருங்குகிறது. நீலியை அறிந்த சமூகம் பிறரது நீலியைப் பொருளற்ற அரக்கியாக்கிவிட்டது எனலாம்.

கருத்துகளின் மௌனம்

மேற்கண்ட மாற்றத்தைப் பார்வையாளர் கருத்துகள் பெரிதும் பேசவில்லை என்பதே இவ்வாய்வின் முதன்மைக் காண்புமாகும். வரைகலை, இசை, நகைச்சுவை, தமன்னாவின் நடிப்பு, மூன்றாம் பாகத்தினும் இது மேல் என்னும் ஒப்பீடு ஆகியவை விரிவாகப் பேசப்பட்டன. ‘யார் யாரைக் கொன்றார்’ என்னும் வினா பேசப்படவில்லை. நீலி கதையில் அவை செய்த பணியைப் பேய்ப்படத்தில் அரங்கு செய்கிறது. வழக்கைக் கேட்கும் இடத்தில் பார்வையாளரே அமர்ந்துள்ளனர். வழக்கே இல்லாத பேய் வந்தபோது அவையோர் அதனைக் குறையாக உணரவில்லை, நிறைவாகவே உணர்ந்தனர்.

இதற்குப் பார்வையாளரைக் குறைகூறுதல் பொருந்தாது. மே மாத விடுமுறையில் குழந்தைகளோடு வருவோர் அச்சம் கலந்த மகிழ்ச்சியை நாடுவது இயல்பே. மேலும் தாய்ப் பாசத்தின் வழியே அவர்கள் பெற்ற அழுகை மெய்யானது. அது மெய்ப்பாடுகளுள் ஒன்றாக மதிக்கத்தக்கதே. இங்குச் சுட்டப்படுவது வேறு. நகையும் அழுகையும் நிறைந்து வெகுளி மட்டும் அகன்றபோது, பேய்க்கதை தன் பழைய பணியொன்றை இழக்கிறது. வீட்டிற்குள் நிகழும் கொலையை வீட்டாரின் முன்னிலையிலேயே பேசும் வாய்ப்பு அப்பணி. செய்தியும் நீதிமன்றமும் எட்டாத குடும்ப அரங்கில் அதனைப் பேசிய வெகுமக்கள் வடிவங்களுள் பேய்க்கதை குறிப்பிடத்தக்கது. 

முடிவுரை

‘அரண்மனை 4’ குறித்த பார்வையாளர் கருத்துகளை ஆராய்ந்ததன்வழிப் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

1. அரண்மனை வரிசையின் தொடர்ச்சி கதைத் தொடர்ச்சியன்று, சடங்குத் தொடர்ச்சி. பார்வையாளர் மதிப்பீடும் அச்சடங்கின் உறுப்புகளை ஒட்டியே அமைகிறது.

2. ‘பயமில்லை’ என்னும் கருத்து படத்தின் தோல்வியை மட்டும் காட்டுவதன்று. அஞ்சுவோரைக் கண்டு நகைத்தலும் இரங்கலும் காண்போர்க்கு நிகழும் என்னும் மெய்ப்பாட்டியல் உரைக்கருத்து அதனை விளக்கப் போதுமானது.

3. நான்காம் பாகம் பெற்ற பாராட்டின் மையம் இழவை அடிப்படையாகக் கொண்ட அழுகையே. பேயைக் கொல்பவள், காப்பவள் என இரண்டாகப் பிரித்தமையால் அவ்வழுகை தெளிவு பெற்றது.

4. அப்பிரிவினையால் குற்றம் குடும்பத்திலிருந்து நீங்கித் தொலைநில ஆவியொன்றின்மேல் ஏற்றப்பட்டது. இரண்டாம் பாகம் எழுப்பிய ஆணவக் கொலை குறித்த வெகுளி நான்காம் பாகத்தில் இடம்பெறவில்லை. கருத்துகளும் அதனைத் தேடவில்லை.

ஒரு திரைப்பட வரிசையைப் பற்றிய மக்கள் கருத்துகளில் கூறப்பட்டவற்றோடு கூறப்படாதவையும் ஆய்வுப்பொருளாக வேண்டும். அரண்மனையில் பேய் இன்னும் இருக்கிறது. அது யாரைக் குற்றஞ்சாட்டுகிறது என்று கேட்கும் அவை மீண்டும் கூடுமா என்பதை இவ்வரிசையின் வரும் பாகங்களும், ‘காஞ்சனா’ போன்ற பிற வரிசைகளுடன் செய்யப்படும் ஒப்பாய்வுகளுமே தெளிவுபடுத்த இயலும்.